மாடி ரூம் கதவு

ஜெயலக்ஷ்மி: ஜானவி... ஏ ஜானவி... மாடி ரூமுக்குக் கதவைக் காணோமே.

ஜானவி: ஆமாம்மா.

ஜெயலக்ஷ்மி: ஆமாவா? கதவைக் காணோம்ங்கறேன். காப்பியில சக்கரை கம்மின்னு சொன்னாப்ல ஆமாங்கறே.

ஜானவி: நான்தான் கழட்டச் சொன்னேன். பிரஜின் வந்து கழட்டி எடுத்துண்டு போனான்.

ஜெயலக்ஷ்மி: எந்த பிரஜின்?

ஜானவி: சாலைக் கடைத்தெருவுல மரவேலை பண்றானே, நம்மாத்து ஜன்னல் சரி பண்ணினவன். நீங்க கோவிலுக்குக் கிளம்பினதும் வந்தான். நிலை இருக்கட்டும், கதவு மட்டும் மதி, அது போறும்னேன்.

ஜெயலக்ஷ்மி: இன்னிக்கா? இன்னிக்குப் போய்... அப்பா தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போயாச்சு. ஹரிணி ரயில் இறங்கற நேரம். வயத்தைத் தள்ளிண்டு பிரசவத்துக்கு வர பொண்ணு. அவளுக்குன்னு அலம்பித் துடைச்சு வச்ச ரூமுக்குக் கதவில்லைன்னா...

ஜானவி: அவள் வரதுனாலதான் இன்னிக்கு.

ஜெயலக்ஷ்மி: தேக்குக் கதவாக்கும் அது. இத்தனை வருஷத்துல ஒரு கரையான் அதைத் தொட்டதில்லை.

ஜானவி: நான் தட்டியிருக்கேன். உள்ளேர்ந்து.

ஜெயலக்ஷ்மி: சுமந்த்... டேய் சுமந்த், இங்க வா. உன் ஆத்துக்காரி பண்ணி வச்சிருக்கற காரியத்தை வந்து பாரு.

சுமந்த்: எந்தாம்மா... கிளையண்ட் லைன்ல இருக்கான்.

ஜெயலக்ஷ்மி: இருக்கட்டும். மேல போய்ப் பாரு. கதவில்லை.

சுமந்த்: பார்த்தேனே. பிரஜின் கழட்டறச்சே பார்த்தேன்.

ஜெயலக்ஷ்மி: பார்த்துட்டு சும்மா இருந்தியா?

சுமந்த்: கால்ல இருந்தேன். நீதான் வரச் சொல்லியிருப்பேன்னு நினைச்சேன்.

ஜானவி: இவர் எல்லாத்தையும் பார்ப்பார்மா. எல்லாத்தையும் கேட்பார். ஆனா கால்ல இருப்பார்.

சுமந்த்: காலங்கார்த்தால ஆரம்பிக்காதே ஜானு. கதவு எதுக்குக் கழட்டினே, அதைச் சொல்லு.

ஜானவி: ஹரிணியை அந்த ரூம்ல போட விடமாட்டேன். அதுக்குத்தான்.

ஜெயலக்ஷ்மி: அதைச் சொல்ல நீ யாரு? அவள் என் பொண்ணு.

ஜானவி: நான் அந்த ரூம்ல இருந்தவள். இந்தாத்துல வேற ஒத்தரும் இருந்ததில்லை.

ஜெயலக்ஷ்மி: ஓ... இப்ப மனசிலாறது. ஹரிணி அம்மாவாத்துக்கு வந்து சொகமா பிரசவிக்கப் போறா. உனக்கு அது கொடுத்து வைக்கலை. அந்தப் பொறாமை.

ஜானவி: எனக்குக் கொடுத்து வைக்கலையா? எங்கம்மா திருநெல்வேலியிலேர்ந்து காரைப் பிடிச்சுண்டு களியக்காவிளை செக்போஸ்ட் வரைக்கும் வந்தாம்மா. பாஸ் இல்லைன்னு திருப்பி அனுப்பினா. லேகியக் குப்பியை மடியில வச்சுண்டு ரோட்டோரத்துல உட்கார்ந்து அழுதா. அதை நீங்க பொறாமைங்கறேள்.

சுமந்த்: அது லாக்டவுன். அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்? உலகம் பூரா...

ஜானவி: உலகம் பூரா நடந்ததை நான் கேக்கலை. இந்தாத்துல நடந்ததைக் கேக்கறேன்.

ஜெயலக்ஷ்மி: என்ன நடந்துது இந்தாத்துல? உனக்கு பாசிட்டிவ்னு வந்துது. ஆஸ்பத்திரியில குழந்தையை வாங்கி எங்க கையில கொடுத்தா. நான் வளர்த்தேன். ராத்திரி பகல் பார்க்காம. அதுக்கு ஒரு நன்றி உண்டா?

ஜானவி: நான் தனியா பெத்தேன்மா. பிளாஸ்டிக் அங்கி போட்டுண்டு நாலு பேர். முகம் தெரியலை, கண்ணு மட்டும். குழந்தையைத் தூக்கி தூரக்க காட்டினா. பொண்ணு பொறந்திருக்கு, கேட்டோன்னா. நான் சரின்னேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பார்சலைக் காட்டினாப்ல காட்டிட்டு கொண்டு போயிட்டா.

சுமந்த்: ஜானு...

ஜானவி: ஆத்துக்கு வந்தா நேரா மாடி. சரி, கொரோனா. ஒத்துக்கறேன். அதை நான் ஒரு நாளும் தப்புன்னு சொன்னதில்லை. டெஸ்ட் நெகட்டிவ்னு வந்ததும் கீழே வரேன்னேன். என்ன சொன்னேள்?

ஜெயலக்ஷ்மி: தீட்டு இருந்தது. சொன்னேன். கீழே பூஜை ரூம், அப்பா தினம் பூஜை பண்றவர். இது ஊர்ல இல்லாத வழக்கமா?

ஜானவி: தீட்டு கழிஞ்சதும்?

ஜெயலக்ஷ்மி: அப்பாவுக்கு பிரஷர், ஷுகர், வயசு. ரிவர்ஸ் குவாரண்டைன்னு கவர்ன்மென்ட்டே சொன்னான். பெரியவாளைத் தனியா வைன்னு.

ஜானவி: பெரியவாளைத் தனியா வைன்னு சொன்னான். பெத்தவளைத் தனியா வைன்னு சொல்லலை. அப்பா சொகமா கீழே ஊஞ்சல்ல ஆடிண்டு இருந்தார். நான் மேலே.

ஜெயலக்ஷ்மி: வயசானவர் மாடிப்படி ஏறுவாரா?

ஜானவி: ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு. கொரோனா முடிஞ்சா தீட்டு, தீட்டு முடிஞ்சா அப்பாவோட பிரஷர். அப்பா அந்தத் தீட்டைப் பத்தி வாட்ஸாப்ல வேற போட்டார், ஞாபகம் இருக்கா? நம்ம முன்னோர் அன்னிக்கே சொல்லி வச்ச சோஷியல் டிஸ்டன்ஸிங்னு. தெருவே கைதட்டற பொம்மை போட்டுது. மேலே நான் அதைப் படிச்சிண்டு உட்கார்ந்திருந்தேன். ஆரம்பத்துல சாதம் படியில. டொக்னு ஒரு தட்டு. கதவைத் திறந்தா ஆள் இருக்காது, தட்டுதான் இருக்கும்.

ஜெயலக்ஷ்மி: பூண்டுக் குழம்பு, அங்காயப் பொடி, வேளா வேளைக்கு நெய்... இதையெல்லாம் யார் பண்ணினா?

ஜானவி: பண்ணினேள். இல்லைங்கலை.

ஜெயலக்ஷ்மி: பின்னே?

ஜானவி: புண்யாஹவாசனத்துக்கு, பேர் வைக்கற அன்னிக்கு, என்ன பண்ணினேள்?

சுமந்த்: அதை இப்ப எதுக்கு...

ஜானவி: சொல்லுங்கோ. வாத்யார் வீடியோ கால்ல அவராத்துலேர்ந்து மந்திரம் சொன்னார். நீங்க மணையில உட்கார்ந்தேள். பக்கத்து மணையில நான் உட்காரணும். என் இடத்துல என்ன வச்சேள்?

சுமந்த்: ...போன்.

ஜானவி: ஒரு டம்ளரைக் கவுத்து அதுல போனைச் சாத்தி வச்சேள். அதுக்குப் பட்டுத்துண்டு வேற சுத்தினேள். குழந்தை உங்கம்மா மடியில. பேர் சொல்லறச்சே நெட் போயிடுத்து. என் குழந்தைக்கு என்ன பேர் வச்சான்னு நான் குடும்ப குரூப்ல பார்த்துத் தெரிஞ்சுண்டேன்.

ஜெயலக்ஷ்மி: பேர் முன்னாடியே முடிவு பண்ணினதுதானே?

ஜானவி: போதும்மா. நீங்க இதுக்கும் ஒரு பதில் வச்சிருப்பேள்னு எனக்குத் தெரியும்.

சுமந்த்: சரி. நடந்தது நடந்து போச்சு. நம்ம அம்மு இப்ப ஸ்கூலுக்குப் போறா. நீயும் வேலைக்குப் போறே, சிரிக்கறே, நன்னா இருக்கே...

ஜானவி: மாத்திரை சாப்பிட்டு நன்னா ஆனேன். அதை உங்கம்மாட்ட என்ன மாத்திரைன்னு சொல்லியிருக்கேள்?

சுமந்த்: அது...

ஜெயலக்ஷ்மி: தைராய்டுக்குன்னு சொன்னான். ஏன், தைராய்டு இல்லையா?

ஜானவி: எனக்குத் தைராய்டே கிடையாது. மனசுக்கு வைத்தியம் பார்க்கற டாக்டர்ட்ட நானா தேடிண்டு போனேன். அம்மு நடக்க ஆரம்பிச்சப்புறம். பிரசவம் ஆனதும் வர டிப்ரஷன், அப்பவே வந்திருக்கணும், ஏன் யாரும் அழைச்சிண்டு வரலைன்னு கேட்டார். இவர் வெளியில உட்கார்ந்து போனைப் பார்த்திண்டு இருந்தார்.

ஜெயலக்ஷ்மி: டேய் சுமந்த்...

சுமந்த்: உனக்கு வெறுதே கவலை எதுக்குன்னுதான்மா.

ஜானவி: இன்னொண்ணு கேக்கறேன். அந்த ரூம் உங்க மேஜைக்கு நேர் மேலே. நான் கதவைத் தட்டினது உங்களுக்குக் கேட்டுதா, இல்லையா?

சுமந்த்: எப்ப?

ஜானவி: அன்னிக்கு ஒருநாள் கையால தட்டினேன், அப்புறம் செம்பால தட்டினேன். கை வீங்கித்து.

சுமந்த்: மேலே ஏதோ சத்தம்... அணில்னு...

ஜானவி: அணில்.

சுமந்த்: ஹெட்ஃபோன் போட்டிருந்தேன் ஜானு. சத்தியமா. அப்புறம் அம்மாட்டகூட கேட்டேன். காத்துல கதவு அடிச்சுக்கறதுன்னா.

ஜானவி: தாழ்ப்பாள் போட்ட கதவு காத்துல அடிச்சுக்குமா?

சுமந்த்: தாழ்ப்பாளா? எந்தத் தாழ்ப்பாள்?

ஜானவி: வெளித் தாழ்ப்பாள்.

சுமந்த்: அம்மா... வெளியில தாழ்ப்பாள் போட்டிருந்தியா?

ஜெயலக்ஷ்மி: உன் போன் அடிக்கறது பாரு.

சுமந்த்: அடிக்கட்டும். ஜானு உள்ள இருக்கறச்சேயா போட்டே?

ஜெயலக்ஷ்மி: நீ போய் வேலையைப் பாருடா. பொம்மனாட்டி விஷயம் உனக்கு எதுக்கு?

ஜானவி: போங்கோ. அஞ்சு வருஷம் கழிச்சு முழிச்சிண்டு நின்னா ஒண்ணும் ஆகப்போறதில்லை. கிளையண்ட் காத்திண்டு இருப்பான்.

சுமந்த்: நான்... ஒரு நிமிஷம், சொல்லிட்டு வரேன்.

ஜானவி: வரமாட்டார்.

ஜெயலக்ஷ்மி: அவன் எதிர்ல இதை எடுத்திருக்க வேண்டாம்.

ஜானவி: அப்ப நீங்க சொல்லுங்கோ, எதுக்குத் தாழ்ப்பாள் போட்டேள்?

ஜெயலக்ஷ்மி: அன்னிக்கே சொன்னேன். ரூல். வார்டு கவுன்சிலர் சொன்னார், பாசிட்டிவ் ஆன ஆத்துல ஆள் வெளியில வரப்படாதுன்னு.

ஜானவி: நெகட்டிவ் ஆனப்புறம் போட்டேள். எதுக்குன்னு கேட்டா ரூல்னேள். சாதத்துக்குத் திறப்பேள், மூடுவேள். பாத்ரூம் உள்ளேயே இருக்கு, என்ன குறைச்சல்னேள். நானும் நம்பினேன்மா. ஓணத்துக்கு அடுத்தாத்துல பூக்களம் போடற வரைக்கும் நம்பிண்டு உள்ளே கிடந்தேன். போன வாரம் கிழக்கேகோட்டையில பஸ்ஸுக்கு நிக்கறச்சே ஷிஜாவைப் பார்த்தேன்.

ஜெயலக்ஷ்மி: எந்த ஷிஜா?

ஜானவி: ஹெல்த் சென்டர்லேர்ந்து வர ஆஷா வொர்க்கர். அப்ப தினம் நம்மாத்துக்கு போன் பண்ணுவாளே. ஜானவி மோள்க்கு உறக்கம் உண்டோ, கரச்சில் உண்டோ, அழறாளான்னு கேட்பாளாம். என்கிட்ட கொடுங்கோன்னு கேட்டாளாம். நீங்க, அவள் ஒறங்கறா, எல்லாம் சொகம்னு சொல்லி வச்சிடுவேளாம். கேட் வரைக்கும்கூட வந்திருக்கா. அவள்ட்ட கேட்டேன், வெளியிலேர்ந்து தாழ்ப்பாள் போடணும்னு ஒரு ரூல் இருந்துதான்னு. அவளுக்குச் சிரிப்பு வந்துடுத்து. அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினா. அப்படி யாராவது பண்ணுவாளா சேச்சின்னு கேட்டா.

ஜெயலக்ஷ்மி: வெளி ஆள்ட்ட ஆத்து விஷயத்தை நடுரோட்ல நின்னு பேசினியாக்கும்.

ஜானவி: ஆத்துல யார் இருக்கா பேச?

ஜெயலக்ஷ்மி: போதும். ஹரிணி வந்தா கதவு எங்கேன்னு கேட்பா. நான் என்ன சொல்லட்டும்? உன் மன்னிக்குக் கோபம்னு சொல்லட்டுமா?

ஜானவி: கேட்க மாட்டா. அவளுக்குத் தெரியும்.

ஜெயலக்ஷ்மி: என்ன தெரியும்?

ஜானவி: அவளுக்கு இப்பவே காரணமில்லாம அழுகை வரதாம். ஒறக்கம் இல்லை. குழந்தை அசைஞ்சா சந்தோஷம் வரலை, பயமா இருக்குங்கறா. மன்னி, நான் அந்த ரூமுக்குப் போகமாட்டேன், அம்மாட்ட சொல்ல தைரியம் இல்லை, நீங்க ஏதாவது பண்ணுங்கோன்னு போன்ல அழுதா. அதான் பண்ணினேன்.

ஜெயலக்ஷ்மி: என் பொண்ணா? என்கிட்ட சொல்லாம... உன்கிட்டயா?

ஜானவி: என்கிட்டதான்.

ஜெயலக்ஷ்மி: நீ என்ன சொல்லி வச்சிருக்கே அவள்ட்ட? அம்மா உன்னையும் பூட்டி வைப்பாள்னு பயமுறுத்தினியா? நான் என்ன ராக்ஷஸியா?

ஜானவி: நடந்ததைச் சொன்னேன்.

ஜெயலக்ஷ்மி: நடந்ததை நீ முழுக்கச் சொல்லியிருக்க மாட்டே. உன் வாயால அதைச் சொல்லியிருக்க மாட்டே.

ஜானவி: எதை?

ஜெயலக்ஷ்மி: வேண்டாம். கிளறாதே. அஞ்சு வருஷமா நான் பல்லைக் கடிச்சிண்டு இருக்கேன்.

ஜானவி: சொல்லுங்கோம்மா. எனக்கும் தெரியணும். நான் என்ன பண்ணினேன்னு அடைச்சேள்?

ஜெயலக்ஷ்மி: நான் பார்த்தேன்டி.

ஜானவி: என்ன பார்த்தேள்?

ஜெயலக்ஷ்மி: கொல்லையில குழந்தைக்கு இளவெயில் காட்டிண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதோ நிழல் ஆடித்து. அண்ணாந்து பார்த்தா நீ. ரூம் வாசல்ல இருக்கற மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவத்துக்கு மேலே பாதி உடம்பு வெளியில. தலை கீழே தொங்கறது. கூந்தல் தொங்கறது. எனக்குச் சத்தமே வரலை... குழந்தையை வாரிண்டு ஓடி வந்தேன். இடுப்பு வலியோட அந்தப் படியை எப்படி ஏறினேன்னு எனக்குத் தெரியாது. வரதுக்குள்ள நீ ரூமுக்குள்ள போயிட்டே. பாத்ரூம்ல தண்ணி விழற சத்தம். தாழ்ப்பாளைப் போட்டேன். அதுக்கப்புறம் தினம் நான் எழுந்ததும் முதல்ல அந்தத் தாழ்ப்பாளைத்தான் பார்ப்பேன். அப்பாட்ட சொல்லலை. சுமந்த்ட்ட சொல்லலை. அந்த ஷிஜாட்ட சொல்லியிருந்தா ஆம்புலன்ஸ் வந்து நிக்கும், இந்த வலியசாலைத் தெரு பூரா ஜன்னலைத் திறந்து பார்க்கும். இந்தாத்து மாட்டுப்பொண்ணுக்குப் புத்தி பேதலிச்சுடுத்துன்னு பேசுவா. உனக்கும் பேர் கெட்டிருக்கும், குழந்தைக்கும் கெட்டிருக்கும். கொரோனா ரூல்னு பொய் சொன்னேன். ஆமா, பொய்தான். நீ என்னை வெறுத்துண்டு உயிரோட இருந்தாப் போறும்னு சொன்னேன்.

ஜானவி: பார்த்தேளா... நீங்க அதைப் பார்த்தேளா...

ஜெயலக்ஷ்மி: பார்த்தேன்.

ஜானவி: பார்த்துட்டு ஒரு தடவைகூட உள்ளே வரலை. ஏன்டி அப்படிப் பண்ணினேன்னு கேக்கலை. பக்கத்துல வந்து உட்காரலை.

ஜெயலக்ஷ்மி: எனக்கு அதெல்லாம் தெரியுமா? என்ன கேக்கறது, எப்படிக் கேக்கறது... கேட்டா மறுபடி ஏறிடுவியோன்னு பயம். தெரிஞ்சது தாழ்ப்பாள்தான், அதைப் போட்டேன். இப்ப நீ கதவையே கழட்டிட்டே. ஹரிணிக்கும் அப்படி ஆச்சுன்னா? அவளும் அந்தச் சுவத்துல ஏறினா நான் எதைச் சாத்துவேன், சொல்லு? நீயே சொல்லு. பச்சைக் குழந்தையைப் போட்டுட்டுச் சாகறதுக்கு உனக்கு எப்படிடி மனசு வந்தது?

ஜானவி: சாகறதுக்கு ஏறலைம்மா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து அவள் அழுதா எனக்கு ஒண்ணுமே தோணலை. யாராத்துக் குழந்தையோ அழறதுன்னு சுவத்தைப் பார்த்துண்டு படுத்திருப்பேன். அன்னிக்குக் கொல்லையில அவள் அழுதா... என் மாரெல்லாம் நனைஞ்சு போச்சு. முதல் முதலா, இது என் குழந்தைன்னு தோணித்து. முகம் தெரியறதான்னு வாளியைக் கவுத்துப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன். தெரிஞ்சுது. ஓடி வந்து முகம் அலம்பிண்டேன், புடவை மாத்திண்டேன். தீட்டாவது மண்ணாவது, கீழே போய் உங்க கையிலேர்ந்து அவளை வாங்கிக்கணும்னு வந்து கதவைத் தள்ளினேன். திறக்கலை. சாகணும்னு தோணினது அதுக்கப்புறம்தான்.